காலாட்படையின் சுமையும் விசைச் சட்டகமும்: ஒரு வரலாற்று ஆய்வு

2003இல் ஆப்கானிஸ்தானில் போரிட்ட அமெரிக்க வான்குடைப் படையினரின் சுமையை ஓர் இராணுவக் குழு களத்திலேயே எடைபோட்டுப் பார்த்தது. துப்பாக்கி வீரர் ஒருவர் சண்டையின்போது சராசரியாக 29 கிலோ சுமந்தார்; நெடுநடையில் 43 கிலோ; நெருக்கடி நேரத்தில் 58 கிலோ. மிகைச்சுமை வீரரின் உடலையும் துணிவையும் ஒருசேரக் குலைக்கும் என்று இராணுவ வரலாற்றாசிரியர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950லேயே எச்சரித்திருந்தார். ஆனாலும் சுமை குறையவில்லை. அதை இயந்திரத்தின்மேல் ஏற்றிவிடும் முயற்சியே எக்ஸோஸ்கெலிட்டன் எனப்படும் புறச்சட்டகம். இம்முயற்சி தன் இலக்கைச் சுருக்கிக்கொண்ட பிறகே பயன்தரத் தொடங்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் முயற்சிகள்

ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கோலஸ் யாக்ன், நடக்கவும் ஓடவும் தாவவும் துணைசெய்யும் வில்பட்டைக் கருவிக்கு 1890இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதில் மோட்டார் இல்லை. விசையூட்டிய முழுச் சட்டகத்தை 1965 முதல் உருவாக்க முனைந்தது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம். ‘ஹார்டிமேன்’ என்ற அந்த இயந்திரத்தின் எடையே ஏறத்தாழ 680 கிலோ. அதன் ஒரு கை மட்டுமே ஒழுங்காக இயங்கியது. 340 கிலோவைத் தூக்கவும் செய்தது. முழு உடலையும் இயக்க முயன்றபோது கட்டுக்கடங்காமல் உதறியது. அதனால் மனிதரை உள்ளே நிறுத்தி முழுமையாக இயக்கிப் பார்க்கவே இல்லை.

டார்பாவின் காலம்

2001 வாக்கில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு இத்துறைக்குப் புத்துயிர் ஊட்டியது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹோமயூன் கஸரூனியின் குழு 2004இல் வெளியிட்ட ‘பிளீக்ஸ்’, சுமையோடு தன் ஆற்றல் மூலத்தையும் தானே தூக்கி நடந்தது. அதன் வழித்தோன்றலான ‘ஹல்க்’ 90 கிலோ வரை சுமக்கும் என்று லாக்ஹீட் மார்ட்டின் அறிவித்தது. சார்கோஸ் நிறுவனத்தின் ‘எக்ஸ்ஓஎஸ் 2’ பெருவலிமை காட்டினாலும், வெளியிலிருந்து வரும் ஆற்றல் இணைப்பை நம்பியே நின்றது. காலாட்படைக்கு அது ஒத்துவராது.

உடல் தந்த விடை

சுமை இயந்திரத்தின் மேல் ஏறியது உண்மை, களைப்பு இறங்கியதா? அமெரிக்க இராணுவ வீரர்கள் 20, 40, 55 கிலோ சுமைகளோடு கீழுடல் சட்டகம் அணிந்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. உடல் எடைக்குக் கணக்கிட்டால் அவர்களின் ஆக்சிஜன் நுகர்வு, சட்டகமின்றி நடந்தபோது இருந்ததைவிடக் குறைவதற்குப் பதில் 60 விழுக்காடு கூடியிருந்தது. இதற்குக் காரணங்களுள் ஒன்று 1969லேயே அளக்கப்பட்டது: பாதத்தில் கட்டிய ஒரு கிலோவைச் சுமக்க, உடற்பகுதியில் சுமப்பதைவிட 4 முதல் 6 மடங்கு ஆற்றல் செலவாகும். காலில் பூட்டிய உலோகத்தை ஒவ்வோர் அடியிலும் வீசி நிறுத்துபவர் வீரர்தான்.

இதன் பிறகும் முழுவுடல் முயற்சி ஓயவில்லை. ஆப்கானிஸ்தானில் பிணைக்கைதி மீட்பில் வீரர் ஒருவரை இழந்த பிறகு, அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தலைவர் அட்மிரல் வில்லியம் மெக்ரேவன் 2013இல் ‘டாலோஸ்’ கவசத் திட்டத்தை அறிவித்தார். நெருங்கிய சண்டைக்கு ஏற்ற உடையாக அது உருவாகாமலே 2019இல் முடிவுக்கு வந்தது.

சுருங்கிய இலக்கு

2014இல் எம்.ஐ.டி. குழு கணுக்கால் ஒன்றையே எடுத்துக்கொண்டது. பூட்ஸோடு கண்ணாடியிழைத் தண்டுகள், கணைக்காலின் முன்புறம் சிறு மோட்டார், இடுப்பில் மின்கலம். பாதம் தரையை உந்தும் நொடியில் கயிறு இழுபட்டுக் கணுக்காலுக்கு விசை தருகிறது. 23 கிலோ சுமையோடு நடந்தவர்களின் ஆற்றல் செலவு 8 விழுக்காடு குறைந்தது. டார்பாவின் ‘வாரியர் வெப்’ திட்டத்தில் ஹார்வர்டு குழு உலோகத்தை விட்டுத் துணியாலான மென்னுடைக்கு மாறியது. லாக்ஹீடின் ‘ஓனிக்ஸ்’ முழங்காலுக்குத் துணைநின்றது.

முடிவுரை

ஹார்டிமேன் மனிதரை மிஞ்சும் வலிமையைத் தேடியது; கணுக்கால் கருவி ஓர் அடியின் களைப்பைக் குறைக்க முயன்றது. வெற்றி பின்னதற்கே கிடைத்தது. எனவே எத்தனை கிலோ தூக்கும் என்பது இக்கருவிகளை மதிப்பிடும் முதல் அளவுகோலாக இருக்கக் கூடாது. அணிந்தவர் எவ்வளவு குறைவாக மூச்சு வாங்குகிறார், மின்கலம் தீர்ந்தபின் கருவியைச் சுமந்து எத்தனை தொலைவு நடக்க முடிகிறது என்பவையே உரிய அளவுகோல்கள். இன்றைய நிலையில் குண்டுப்பெட்டி ஏற்றுதல் போன்ற பின்னணிப் பணிகளே இக்கருவிகளுக்கு ஏற்ற இடம். முன்னணி வீரரின் முதுகுச் சுமையைக் குறைக்கும் பொறுப்பு, அந்தச் சுமையை வரையறுக்கும் தளபதிகளிடமே இன்னும் இருக்கிறது.