தோமா இல்லாத திரைக்கதை

1998இல் அமெரிக்காவின் பி.பி.எஸ். தொலைக்காட்சி, முதல் கிறிஸ்தவர்களைப் பற்றி நான்கு மணி நேர ஆவணப்படம் ஒளிபரப்பியது. கதை ரோமப் பேரரசுக்குள்ளேயே சுற்றியது.

கேரளத்தின் குமுளி மலைப்பக்கம் குடியேறிய சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தொடக்கம் வேறு: கி.பி. 52இல் கொடுங்கல்லூரில் வந்திறங்கியதாக நம்பப்படும் இயேசுவின் சீடர் புனித தோமா. அவர் நிறுவியதாக மரபு சொல்லும் ஆலயங்களில் ஒன்று, சபரிமலைப் பாதையிலுள்ள நிலக்கல். 1983இல் அங்கே பழைய கற்சிலுவை கிடைத்ததாகச் செய்தி பரவ, பெரிய தகராறே மூண்டது.

சான்று? தோமாவின் பயணத்தைச் சொல்லும் சிரியாக் நூல் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் வரும் கொந்தோபரேஸைக் கட்டுக்கதை மன்னன் என்றே பலரும் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில், கேரளத்தில் அல்ல!

கேரளக் கிறிஸ்தவர்களுக்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஆவணம், கொல்லத்துத் தேவாலயத்துக்கு வழங்கப்பட்ட 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடுதான். வட்டெழுத்து வாசகம், அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகளின் கையொப்பம். ஒரு துறைமுகமே சாட்சிக்கு வந்து நின்றதுபோல.

2006 செப்டம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், தோமா மேற்கு இந்தியா வரை வந்ததாகப் பேசியபோது கேரளத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அந்த உரையின் வத்திக்கான் பதிப்பில் இன்று 'தென்னிந்தியா'வும் இருக்கிறது.