கவர்ன்மென்ட் மாத்திரை கேக்காதா? ஒரு மாத்திரை அட்டையில் இருந்து தடுப்பூசி விலை வரைக்கும்

நீளமான இழை மக்களே. ஒரு கட்டஞ்சாயா போட்டுட்டு வந்து உக்காருங்க.

போன வாரம் ஓபியில ஒரு அம்மா. சர்க்கரை 300க்கு மேல. நாங்க கொடுக்கிற மாத்திரையை மூணு மாசமா ஒழுங்கா வாங்கிட்டுப் போயி, வீட்டுல ஒரு டப்பால அடுக்கி வச்சிட்டு, மெடிக்கல்ல காசு கொடுத்து வாங்கி, அதையும் காசு இருக்கிற நாள்ல மட்டும் போட்டிருக்காங்க. ஏம்மான்னு கேட்டா, "கவர்ன்மென்ட் மாத்திரை கேக்காதுல்லா சாரே. சும்மா குடுக்கது எப்படி கேக்கும்?"

அதே வாரம் என் பழைய பதிவு ஒண்ணுக்குக் கீழ ரெண்டு பேர் சண்டை. ஒருத்தர், "அரசாங்கம் எதுக்கு ஆஸ்பத்திரி நடத்தணும்? எல்லாத்தையும் தனியார்கிட்ட கொடுத்துட்டு எல்லாருக்கும் காப்பீடு கொடுத்தா முடிஞ்சது" என்கிறார். இன்னொருத்தர், "மருந்து கம்பெனி எல்லாத்தையும் அரசுடைமை ஆக்கணும்" என்கிறார். நடுவுல ஒரு நண்பர் என்னைப் பார்த்து "நீங்க கம்யூனிஸ்டா சார்?" என்று கேட்டு வச்சிருக்கார்.

அந்த அம்மாவுக்கும் இந்த ரெண்டு பேருக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு. வீட்டுல அரசு மாத்திரை அட்டை இருந்தா எடுத்துத் திருப்பிப் பாருங்க. தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று போட்டிருக்கும். அதுக்குக் கீழ பொடி எழுத்துல தயாரித்தவர் பேர் இருக்கும். அது ஒரு தனியார் கம்பெனியா இருக்கும்.

அரசாங்கம் அந்த மாத்திரையைச் செய்யல. வாங்குது. எப்படி வாங்குது என்பதுலதான் மொத்தக் கதையும் இருக்கு.

கொஞ்சம் பின்னால போவோம். நம்ம நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம். இங்க வைத்தியம் முதல்ல வியாபாரமாவும் வரல, உரிமையாவும் வரல. மகாராஜா தயவாகவும், மிஷன் தர்மமாகவும்தான் வந்தது. 1838ல லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ராம்சே நெய்யூர்ல வைத்தியம் ஆரம்பிச்சார். எவரெஸ்ட் ஏறப்போன 1922, 1924 குழுக்கள்ல இருந்த டாக்டர் சாமர்வெல், அதே நெய்யூர்ல வருஷக்கணக்கா கத்தி பிடிச்சார். வடசேரியில சால்வேஷன் ஆர்மியோட கேதரின் பூத் ஆஸ்பத்திரி. அம்மை குத்துறது ராணி கௌரி லட்சுமி பாய் காலத்துலயே, அதாவது 1810களிலேயே திருவிதாங்கூருக்கு வந்தாச்சு. நல்லவங்க இருந்தா வைத்தியம் கிடைக்கும், இல்லேன்னா இல்லை. தர்மத்தோட குறை அதுதான்.

சுதந்திரத்துக்கு அப்புறம் நாடு வேற முடிவு எடுத்தது. முக்கியமான மருந்தை நாமே செய்வோம். 1948ல சென்னை கிண்டியில பிசிஜி தடுப்பூசி ஆய்வகம். 1954ல புனே பக்கம் பிம்ப்ரியில பென்சிலினுக்கு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். 1961ல ஐடிபிஎல். வெள்ளைக்காரன் காலத்துலயே கட்டின கசௌலி ஆய்வகமும் (1905), குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் (1907) நம்ம கைக்கு வந்திருந்தது. நம்ம தலைமுறையில பலபேர் தோள்ல இருக்கிற அந்த பிசிஜி தழும்பு, கிண்டி கொடுத்த மருந்தோட அடையாளம்தான்.

அதுக்காக அந்தக் காலத்துக்கு நான் விசில் அடிக்கப் போறதில்ல. நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. போட்டுக்கிட்ட தாத்தாக்கள் இன்னும் எங்க ஓபிக்கு வாறாங்க. அது ஆட்டு மூளையில இருந்து செய்த மருந்து. சிலருக்கு நரம்பு மண்டலத்தையே பாதிக்கும். அதைவிட நல்ல, செல் வளர்ப்பு முறைத் தடுப்பூசி 1980களிலேயே உலகத்துல வந்தாச்சு. காசு உள்ளவன் அதைப் போட்டுக்கிட்டான். அரசு ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழைக்கு 2004 வரைக்கும் நம்ம பொதுத்துறை ஆட்டு மூளை மருந்தைத்தான் கொடுத்துட்டு இருந்தது. பொதுத்துறைன்னா தானாவே புனிதம் ஆகிடாது. போட்டி இல்லாத இடத்துல சோம்பல் வரும். அந்த சோம்பலுக்கு விலை கொடுத்தது ஏழையோட நரம்பு.

இப்ப 2008க்கு வருவோம். நான் எம்பிபிஎஸ் சேர்ந்த வருஷம். ஜனவரி மாசம் கசௌலி, குன்னூர், கிண்டி மூணோட தயாரிப்பு உரிமத்தையும் மத்திய அரசு ஒரே நேரத்துல நிறுத்தி வச்சது. காரணம், நல்ல உற்பத்தி நடைமுறை, அதாவது ஜிஎம்பி, அங்க இல்ல. காரணம் பொய்யில்ல. கட்டடம் பழசு, முறை பழசு. ஆனா யோசிச்சுப் பாருங்க. வீடு ஒழுகுதுன்னா ஓடு மாத்துவோம், ஒரு அறையா வேலை பாத்துக்கிட்டே இன்னொரு அறையில இருப்போம். மூணு வீட்டையும் ஒரே நாள்ல பூட்டிட்டு வாடகை வீட்டுக்குப் போவோமா? வாடகைக்காரன் என்ன சொன்னாலும் கொடுக்கணுமே.

அதான் நடந்தது. குழந்தைகளுக்கான முத்தடுப்பூசி, பிசிஜி எல்லாத்துக்கும் நாடு முழுக்கத் தட்டுப்பாடு. அதுவரை அரசுத் திட்டத்துக்குப் பெரும்பங்கு கொடுத்துட்டு இருந்த மூணு இடமும் மூடினதால, தனியார்கிட்ட கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதாச்சு. விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2010ல நிறுத்தி வச்ச உத்தரவை ரத்து பண்ணினாங்க. ஆனா ரெண்டு வருஷம் நின்ன இயந்திரமும், கலைஞ்ச ஆளுங்களும் ஒரு உத்தரவுல திரும்பி வந்துடாது.

பதிலுக்கு செங்கல்பட்டுல 100 ஏக்கர்ல ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம்னு சொன்னாங்க. 2012ல 594 கோடிக்கு ஒப்புதல். வருஷத்துக்கு 58 கோடி டோஸுக்கு மேல செய்யுற திட்டம். 2021ல கொரோனா தடுப்பூசிக்கு நாடே தவிச்சப்போ அந்த வளாகத்துல இருந்து ஒரு டோஸ்கூட வரல. அந்த மே மாசம் தமிழக முதல்வர் நேர்ல போய்ப் பாத்துட்டு, குத்தகைக்காவது கொடுங்கன்னு பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

சரி, அப்ப தமிழ்நாடு அரசு மருந்து விஷயத்துல எப்படித் தப்பிச்சது? அங்கதான் நான் காட்டின அட்டை வருது.

1994ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பிச்சாங்க. டிஎன்எம்எஸ்சி. 1995 ஜனவரியில இருந்து மருந்து விநியோகம். அதுக்கு முன்னாடி மருந்து வாங்குறது துண்டு துண்டா நடந்தது. இவங்க ஒரு பட்டியல் போட்டாங்க, பிராண்டு பேர் கிடையாது, மருந்தோட பேர்தான். மாநிலம் முழுக்கத் தேவையானதை ஒரே டெண்டர். முதல் கவர்ல கம்பெனியோட தகுதி, ரெண்டாவது கவர்ல விலை. தகுதி தேறினாத்தான் விலைக் கவரையே பிரிப்பாங்க. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வரும். மாதிரி எடுத்து, கம்பெனி பேரை மறைச்சு, ஆய்வகத்துக்குப் போகும். யாரோட மருந்தைச் சோதிக்கிறோம்னு ஆய்வகத்துக்கே தெரியாது. தேறலேன்னா சரக்கு திரும்பும், திரும்பத் திரும்பத் தப்பு பண்ணினா கறுப்புப் பட்டியல். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். இவ்வளவு தொகைக்கு மருந்து எடுக்கலாம்னு அதுல இருக்கும், எதை எடுக்கணும்னு ஆஸ்பத்திரியே முடிவு பண்ணும். பின்னாடி கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் அவங்க கழகத்தை ஆரம்பிச்சாங்க.

இது முதலாளித்துவமா, சோஷலிசமா? செய்யுறது தனியார். லாபம் அவங்களுக்கும் உண்டு. ஆனா நோயாளிக்கு விலை பூஜ்யம். வாங்குறவன் ஒரே ஆள், பெரிய ஆள், விலை தெரிஞ்ச ஆள்.

தோவாளை பூச்சந்தையை நினைச்சுப் பாருங்க. ஓணத்துக்கு முந்தின நாள் பிச்சிப்பூ என்ன விலை போகும்? செடியில மாத்தம் ஒண்ணும் இல்ல. வாங்க வந்த ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் முந்துறாங்க, அவ்வளவுதான். 2021 ஏப்ரல்ல நம்ம தடுப்பூசிக்கு அதே ஓணச் சந்தையைத் திறந்து விட்டாங்க.

அதுவரை மத்திய அரசு மட்டும் வாங்கிட்டு இருந்தது. டோஸ் 150 ரூபாய். 150லயும் லாபம் இருக்கு, ஆனா பெரிய லாபம் இல்லைன்னு சீரம் நிறுவனத் தலைவரே டிவி பேட்டியில சொன்னார். மே 1ல இருந்து பாதி மத்திய அரசுக்கு, மீதி மாநிலங்களுக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கும்னு புதுக் கொள்கை வந்தது. கோவிஷீல்டு விலை மாநிலத்துக்கு 400, தனியாருக்கு 600 என்று அறிவிச்சாங்க. கோவாக்சின் மாநிலத்துக்கு 600, தனியாருக்கு 1200. எதிர்ப்பு வந்த பிறகு மாநில விலையை 300, 400 என்று குறைச்சாங்க. ஒரே தொழிற்சாலை, ஒரே குப்பி, மூணு விலை. கோவாக்சின் பொதுப் பணத்துல நடக்கிற ஐசிஎம்ஆர் கூடச் சேர்ந்து உருவாக்கினது. கோவிஷீல்டுக்குப் பின்னால இருந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சிக்கும் பெரும்பகுதி பணம் பொதுப் பணமும் அறக்கட்டளைப் பணமும்தான். உற்பத்தியைப் பெருக்க மத்திய அரசு சீரத்துக்கு 3,000 கோடி, பாரத் பயோடெக்குக்கு 1,500 கோடிக்கு மேல முன்பணம் கொடுக்க ஒப்புதல் கொடுத்தது. விதைநெல் நம்மது, உழுகூலி நம்மது, அறுப்புல நமக்கு விலை வேற.

தமிழ்நாடு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலக டெண்டர் விட்டது. ஒரு கம்பெனிகூட வரல. அந்த மே மாசம் ஒரு பள்ளிக்கூடத்துல நான் தடுப்பூசி முகாம் டியூட்டி. காலை 5 மணிக்கே வரிசை. 100 டோக்கன் கொடுத்துட்டு மீதிப் பேரை "நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பணும். நாளைக்கு ஸ்டாக் வருமான்னு எனக்கே தெரியாது. வலை இழுத்துட்டு நேரா வந்த ஒரு அண்ணன், "காசு குடுத்தா டவுன்ல போடுவாங்களாமே டாக்டரே, எனக்கு மட்டும் கொரோனா இலவசமா வருமோ?" என்று கேட்டார். பதில் சொல்லல.

18 முதல் 44 வயசுக்காரங்களைக் காசு கட்ட வைக்கிற அந்தக் கொள்கையை உச்ச நீதிமன்றம் கடுமையா கேள்வி கேட்டுது. ஜூன் 7 அன்னிக்குப் பிரதமர் திரும்ப மத்திய கொள்முதலையே அறிவிச்சார். 21ல இருந்து எல்லாருக்கும் இலவசம். ஆனா 25 சதவீதம் தனியாருக்குன்னு அப்படியே இருந்தது. அங்க உச்சவரம்பு கோவிஷீல்டு 780, கோவாக்சின் 1410.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி நடந்த துரித பரிசோதனைக் கருவி விஷயமும் ஞாபகம் இருக்கும். சீனாவுல இருந்து வந்த கருவி. வாங்கின விலை 225, கொண்டுவந்த செலவு 20, ஆக 245. ஐசிஎம்ஆருக்கு விலை 600. அஞ்சு லட்சம் கருவிக்கு இடைவெளியைக் கணக்குப் போட்டா 17 கோடியே 75 லட்சம். இது நமக்கு எப்படித் தெரிய வந்தது? தணிக்கை கண்டுபிடிக்கல. இறக்குமதி பண்ணின மேட்ரிக்ஸ் லேப்ஸும், விநியோகம் பண்ணின ரேர் மெட்டபாலிக்ஸும் தங்களுக்குள்ள சண்டை போட்டு டெல்லி உயர் நீதிமன்றம் போனாங்க. திருடன்னு நான் யாரையும் சொல்லல. சட்டப்படி எல்லாம் வியாபாரம். நீதிமன்றம் 400க்கு மேல போகக்கூடாதுன்னு சொன்னது. அதுலயே 61 சதவீத லாபம் இருக்கு, அது போதும் என்றது. கடைசியில கருவியே சரியில்லைன்னு திருப்பி அனுப்ப, பணம் கொடுக்கலைன்னு அரசு சொன்னது.

இதுல எனக்கு வலிக்கிற இடம் ஒண்ணு உண்டு. நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அதே தமிழ்நாடும் 50,000 கருவியை 600 ரூபாய்க்குத்தான் ஆர்டர் பண்ணிச்சு. ஐசிஎம்ஆர் நிர்ணயிச்ச விலைன்னு அமைச்சர் சொன்னார். அதே சமயம் சத்தீஸ்கர், இந்தியாவுல கொரியக் கம்பெனி செய்யுற கருவியை 337 ரூபாயும் வரியும் கொடுத்து வாங்கிச்சு. 25 வருஷ டெண்டர் அனுபவமும் அவசரத்துல, பயத்துல, சட்டுனு மறந்து போகும்.

காப்பீடு பத்திக் கேட்ட நண்பருக்கு. 2009 ஜூலையில கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தப்போ நடத்தினது ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம். 2012ல இருந்து முதல்வர் காப்பீடு, பொதுத்துறையில இருக்கிற யுனைடெட் இந்தியாகிட்ட. கூலி வேலை பாக்கிற ஒருத்தருக்கு இதனால பைபாஸ் நடந்ததை நானே பாத்திருக்கேன். அரசு ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பணம் வருது. நான் அதை எதிர்க்கல. ஆனா காப்பீடு ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கும். அந்த அம்மாவுக்கு தினம் ரெண்டு மாத்திரையைப் போட வச்சு, கால் எடுக்கிற ஆபரேஷனே வராம பாத்துக்கிடுறதுக்கு அது பணம் கொடுக்காது. அதுல யாருக்கும் கிளைம் இல்ல.

அந்த அம்மாகிட்ட அட்டையைத் திருப்பி கம்பெனி பேரைப் பேத்தியை விட்டு வாசிக்க வச்சேன். "இது தனியாரா சாரே?" என்றாங்க. ஆமாம்மா. "அப்போ நான் மெடிக்கல்ல குடுத்த பைசா?" என்றாங்க.

கடைசியா ஒண்ணு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி தடுப்பூசியை 14 வயசுப் பெண் பிள்ளைகளுக்குக் கட்டம் கட்டமாப் போட 2025 பட்ஜெட்ல தமிழ்நாடு அரசு 36 கோடி ஒதுக்கியிருக்கு. இந்தியாவுலயே செய்யுற செர்வாவாக், தனியார் சந்தைக்கு வந்தப்போ ஒரு டோஸ் 2,000 ரூபாய். அதே 2,000 கொடுத்தா 36 கோடிக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் டோஸ்தான் வரும். டெண்டர்ல 300க்கு முடிச்சா 12 லட்சம் டோஸ். உங்க வீட்டுல அந்த வயசுப் பிள்ளை இருந்தா, உங்க பகுதிக்கு எப்ப வருதுன்னு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டு வைங்க. டெண்டர் விலை வெளியானா இதே இழையில வந்து போடுறேன்.