ஒரு வருஷம் கழிச்சு என்ன ஆச்சு?

திண்டுக்கல் பூட்டுப் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது அரம் ராவும் சத்தம்தான். ராவி ராவி ஓய்ந்த தோள், சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் பாதியிலேயே 'சுரீர்' என்கும். 'எண்ணெய் போட்டு நீவி விடுப்பா' என்பார்கள் பெரியவர்கள். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஆரம்பித்து அசைத்தல் வரை ஒன்பது வகை!

நீவினால் சுகம்தான். ஆனால், அது நிலைக்குமா?

இப்படிக் கேட்டே கெட்டுப் போனவர் ஒருவர் உண்டு. பாஸ்டன் டாக்டர் எர்னெஸ்ட் காட்மேன். தோளுக்காகவே 1934-ல் தனிப் புத்தகம் போட்டவர். குனிந்து, கையைத் தொங்கவிட்டு, பெண்டுலம் மாதிரி ஆட்டச் சொல்கிறாரே உங்கள் பிசியோதெரபிஸ்ட்... அது இவர் பெயரில் வழங்கும் பயிற்சி. 'வைத்தியம் பார்த்தாச்சு, சரி. ஒரு வருஷம் கழிச்சு நோயாளி எப்படி இருக்கார்? கணக்கு வையுங்க' என்பது அவர் வாதம். காமர்ஸ் படித்த எனக்கு இதில் தப்பே தெரியவில்லை. சக டாக்டர்களுக்குக் கசந்தது. 1914-ல் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி வேலையை விட்டார். 1940-ல் இறந்தவருக்குக் கல்லறையில் பெயர்க்கல் நட்டதே 2014-ல்தான்!

இதற்கிடையே 1972-ல், நியூயார்க்கின் சார்லஸ் நீர் ஒரு விளக்கம் சொன்னார். கையைத் தூக்கும்போது மேலே இருக்கும் எலும்பு, கீழே ஓடும் தசைநாரை இடிக்கிறது. அப்புறமென்ன? கதவு நிலையில் இடித்தால் இழைப்புளி போடுவதில்லையா, அதுபோல எலும்பைச் செதுக்கிவிட வேண்டியதுதான்! இங்கிலாந்தில் 2000-01ல் 2,523 ஆக இருந்த இந்த ஆபரேஷன், 2009-10ல் 21,355 ஆனது.

காட்மேனின் கணக்கு அப்புறம்தான் வந்தது. 313 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்கு நிஜ ஆபரேஷன், சிலருக்குக் கேமரா குழாயை விட்டு எடுத்ததோடு சரி, மிச்சப் பேருக்கு ஒன்றுமே இல்லை. 2018-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. நிஜத்துக்கும் பாவனைக்கும் வித்தியாசமே இல்லை!

சரி, நீவுகிற கை மட்டும் தப்பிக்கலாமா? ஆஸ்திரேலியாவில் 120 பேரை வைத்து அதையும் சோதித்து, 2010-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் கையால் சிகிச்சையும் பயிற்சியும். மீதிப் பேருக்கு ஆஃப் செய்த அல்ட்ராசவுண்ட் மெஷினும் வெறும் ஜெல்லும். 11-வது வாரம் பார்த்தால், இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். 22-வது வாரம்தான் முதல் தரப்பின் கை கொஞ்சம் கூடுதலாக வேலை செய்தது. நடுவில் அவர்களை யாரும் தொட்டு நீவவில்லை. வீட்டில் அவர்களே பயிற்சியைத் தொடர்ந்திருந்தார்கள்.