தரவுக் கோப்புகளை இணைத்தல்

தரவுக் கோப்புகளை இணைத்தலாவது, ஒரே ஆய்வின்பொருட்டுத் திரட்டப்பட்டும் பல கோப்புகளிலே பிரிந்து கிடக்கும் விவரங்களைக் கணினியில் ஏற்றி, கணக்கீட்டுக்கு உரிய ஒரே அட்டவணையாக அமைக்கும் புள்ளியியல் முறையாகும். கணிதம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டிய குமாஸ்தா வேலையென்று இதனை அலட்சியம் செய்வோர் உண்டு. ஆயினும் எந்த மனிதர், எந்தக் குடும்பம் கணக்கில் இடம்பெறும் என்பதை நிர்ணயிப்பது இதுவே.

இம்முறையின் அடிப்படை கணினிக்கும் மூத்தது. 1890-ஆம் ஆண்டின் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் துளையட்டைகள் பயன்பட்டன. இரண்டு அட்டைக் கட்டுகளை எண் வரிசைப்படி ஒன்றுசேர்க்கும் இயந்திரத்தை ஐ.பி.எம். நிறுவனம் 1937-இல் வெளியிட்டது. 1970-இல் கணினி அறிஞர் எட்கர் காட் இத்தகைய இணைப்புக்குத் தர்க்க ரீதியான அஸ்திவாரம் அமைத்தார்.

கோப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது ஒரு வகை. பொதுவான குறியீட்டைக்கொண்டு பக்கவாட்டில் பொருத்துவது மற்றொரு வகை. அடுக்குதல் எளிதாகத் தோன்றினும், பெயர் ஒன்றாயிருப்பதனாலேயே பொருளும் ஒன்றென நம்புவது அபாயகரமானது. 2001-இல் சுமார் 28½ லட்சம் மக்களைக் கொண்டிருந்த தருமபுரி மாவட்டம் 2011-இல் 15 லட்சமே காட்டுகிறது; 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததை அறியாமல் இரு கோப்புகளையும் அடுக்குவோர், நேராத ஒரு வீழ்ச்சிக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பர்.

பொருத்துதலின் நுட்பங்களை அறிவதற்கு, புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸின் முயற்சியால் 1950-இல் தோன்றிய இந்தியத் தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுச் செலவுக் கோப்புகளே சிறந்த உதாரணம். அவற்றில் நிரல்களைப் பிரிக்கும் காற்புள்ளி முதலிய அடையாளம் ஏதுமின்றி, எத்தனையாவது இடத்தில் எந்த விவரம் உள்ளதென்று தனியே தரப்பட்ட அமைப்பு அட்டவணையைக்கொண்டே எழுத்துகளைப் படித்தெடுக்க வேண்டும். குடும்பம் ஒரு கோப்பிலும், அதன் உறுப்பினர் வேறொன்றிலும், வாங்கிய பொருள்கள் பிறிதொன்றிலும் இருக்க, மாதிரிக் கிராமம் அல்லது நகர வட்டாரத்தின் எண், உட்பிரிவு எண், அடுக்கு எண், குடும்ப வரிசை எண் ஆகியன சேர்ந்தே ஒரு குடும்பத்தின் அடையாளமாகின்றன. இவ்வடையாளத்தில் 07 என்பது ஒரு கோப்பில் எழுத்தாகவும், மற்றொன்றில் வெறும் 7 என்னும் எண்ணாகவும் ஏறிவிட்டால், அக்குடும்பம் பொருந்தாமற் போய்விடும்.

குடும்பத்தையும் உறுப்பினரையும் பொருத்திய பின்னர், ஐவர் வாழும் வீட்டின் மாதச் செலவு ஐந்து நிரைகளிலும் திரும்பத் திரும்ப நிற்கும். அச்செலவு நிரலை அப்படியே கூட்டுவோர் அவ்வீட்டின் செலவை ஐந்து மடங்காக்கிவிடுவர். இதனினும் பெரிய விபரீதம், ஓசையின்றி நிகழ்வது, பொருட்கோப்பில் உள்ளது. கேழ்வரகு உண்ணாத வீட்டுக்குக் கேழ்வரகு நிரையே அங்கு இராது; பொருந்தியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் இணைப்பு அவ்வீடுகளையெல்லாம் தள்ளிவிட, எஞ்சுவது கேழ்வரகு உண்போரின் சராசரியேயன்றி நாட்டின் சராசரியன்று. ஏழைகளின் உணவை அளக்கப் புகுந்த ஆய்வு, இவ்வொரு கட்டளையினால் தன் நோக்கத்தையே இழந்துவிடும்.

ஆதலின் இரு பக்கத்து நிரைகளையும் முழுதாக வைத்துக்கொண்டு இணைத்து, பொருந்தாதவற்றைப் பரிசோதிப்பதே விவேகமான முறை. ஸ்டேட்டா மென்பொருள், முதற்கோப்பில் மட்டும் உள்ள நிரைக்கு 1 என்றும், இரண்டாவதில் மட்டும் உள்ளதற்கு 2 என்றும், இரண்டிலும் உள்ளதற்கு 3 என்றும் தானே குறியிடுகிறது. குடும்பக் கோப்பை முதலாக வைத்துக் கேழ்வரகு நிரைகளைப் பொருத்தும்போது 1 பெற்ற வீடுகளுக்குப் பூஜ்யம் இட வேண்டும். 2 பெற்றது ஒன்றேயாயினும், வீடில்லாத கொள்முதல் இருக்கவியலாதாகையால், கோப்புகளை ஏற்றிய இடத்துக்கே திரும்பிச் சென்று அடையாள எண்களை மறுபடி படிக்க வேண்டும்.