யூதக் குடும்பமும் போதைக்கு அடிமையான மகனும்

போதைப் பழக்கமும் மனநோயும் ஒருவரையே பற்றும் நிலையை மருத்துவர்கள் இணைநோய் நிலை என்பர். அத்தகைய மகனைப் பெற்ற யூதக் குடும்பத்துக்குப் பழைய சமயச் சட்டமும், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய மறுவாழ்வு நிலையங்களும் துணையாகின்றன.

யூத மறைநூலான தோராவின் உபாகமம் (21:18–21), பெற்றோர் சொல் கேளாத, பெருந்தீனிக்காரனும் குடிகாரனுமான மகனை அவர்களே ஊர்ப் பெரியோர் முன் நிறுத்த வேண்டும் என்றும், ஊரார் அவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்றும் விதிக்கிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு இவ்விதியை நீக்காமலே, நிறைவேற்ற முடியாதபடி நிபந்தனைகளால் கட்டிவிட்டது. மகன் தந்தையின் பொருளைத் திருடிப் பிறரிடத்தில் வைத்துத் தின்றிருக்க வேண்டும். குறித்த எடை இறைச்சியோடு அரை லோகு, அதாவது மூன்று முட்டையின் கொள்ளளவு, இத்தாலியத் திராட்சை மதுவும் அருந்தியிருக்க வேண்டும். தாய், தந்தை இருவரும் ஒருமனப்பட்டு முறையிட வேண்டும். அவர்களுள் ஒருவர் கையிழந்தவராகவோ, முடவராகவோ, பேச்சோ பார்வையோ செவிப்புலனோ அற்றவராகவோ இருந்தாலும் வழக்கு நில்லாது. மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தால்மூது, தண்டனைக்குரிய வயதுக் காலத்தை மூன்று மாத அளவாகச் சுருக்கியதோடு, அப்படியொரு மகன் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை என்ற கருத்தையும் பதிவு செய்கிறது. அத்தகைய மகன் ஒருவனின் கல்லறைமேல் தாம் அமர்ந்ததாக ரபி (யூதச் சமயகுரு) யோனத்தான் கூறியது தனிக்குரலே.

சித்தம் கலங்கியவனைத் தால்மூது ‘சோத்தே’ என்று அழைத்து, இரவில் தனியே திரிதல், இடுகாட்டில் உறங்குதல், உடையைக் கிழித்தல் ஆகியவற்றை அடையாளமாகச் சொல்கிறது. இவை எடுத்துக்காட்டுகளே என்றும், எப்பொருளிலேனும் அறிவு தொடர்ந்து குழம்பியிருப்பவனும் அவ்வகையினனே என்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் விரித்தது சரியான விளக்கமாகும். தெளிவும் கலக்கமும் மாறி மாறி வருபவன் தெளிந்த வேளையில் முழு உரிமையுடையவன் என்ற விதி, நோய் விட்டு விட்டு வரும் மகனின் குடும்பத்துக்கு இன்றும் பொருந்துகிறது.

சட்டம் இவ்வளவு நுணுக்கமாக இருந்தும், குடிப்பழக்கம் வேற்றினத்தாருக்கே உரியது என்ற நம்பிக்கை கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே வேரூன்றியிருந்தது. ஓய்வுநாள் மதுவைச் சிறுவயதிலேயே சடங்காகப் பழகுவதே யூதரிடையே குடிநோய் குறைந்திருப்பதற்குக் காரணம் என்று சமூகவியலாளர் சார்லஸ் ஸ்னைடர் 1958-இல் எழுதினார். அந்த நற்பெயர் குடும்பங்களுக்குச் சுமையாயிற்று. உடன்பிறந்தார் திருமணம் தடைப்படும் என்றஞ்சி, மகனின் நோயை மறைக்கும் வழக்கம் வைதிக யூதச் சமூகங்களில் வலுத்தது. ஹசிதியம் என்னும் யூதப் பக்தி இயக்கத்தின் ரபி மரபில் வந்த மனநல மருத்துவர் ஆபிரகாம் துவெர்ஸ்கி (1930–2021), பிட்ஸ்பர்க்கில் கத்தோலிக்க மருத்துவமனையொன்றின் மனநலத் துறையை நடத்தியவர். 1972-இல் பிட்ஸ்பர்க் பகுதியில் கேட்வே மறுவாழ்வு மையத்தை நிறுவினார். கிறித்தவச் சாயல் உடையதென்று பலர் ஒதுக்கிய, போதையிலிருந்து மீள்வோர் பின்பற்றும் பன்னிரு படி முறை யூத அறநெறிக்கு முரணன்று என்பதை அவருடைய நூல்கள் நிறுவின. லாஸ் ஏஞ்சல்ஸில் 1987-இல் பேத் தெசுவா என்னும் யூத மறுவாழ்வு இல்லம் தொடங்கப்பட்டது. இஸ்ரேலிலும் பேத் செமேசு அருகே ரெத்தோர்னோ என்னும் மறுவாழ்வு மையம் உள்ளது.