ஏழாம் செமஸ்டருக்கு முன்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டும் ஒன்பதாம் வகுப்புப் பாடத் தேர்வும்

கல்லூரி அணியில் ஆடத் தயாராகும் அமெரிக்கப் பள்ளி மாணவர் என்றதும் விடியற்காலைப் பயிற்சியும் ஆட்டக் காணொளிகளும் பயிற்றுநரின் தொலைபேசி அழைப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் முதல் ஆண்டில் அவர் களமிறங்கலாமா என்பதை முடிவு செய்வது பள்ளி மதிப்பெண் பட்டியல். பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த பிறகே பயிற்றுநர்கள் மாணவரோடு நேரடியாகப் பேச விதி இடம் தருகிறது. அதற்குள் அந்தப் பட்டியலில் பாதி எழுதப்பட்டிருக்கும். விதி கெடு வைத்த காலத்துக்கும் மாணவருக்குச் செய்தி போய்ச் சேரும் காலத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியே இங்கு என் கவலை.

என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரித் தடகளச் சங்கத்தின் முதல் பிரிவில் ஆட, அச்சங்கம் ஏற்றுக்கொண்ட 16 மையப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அவற்றின் சராசரிப் புள்ளி 2.3 இருக்க வேண்டும். ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு. மற்றவை சமூக அறிவியல் முதலியன. 2016இல் கல்லூரி சேர்ந்தவர்கள் முதல் இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஏழாம் செமஸ்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, தொடங்கும் முன் பத்துப் பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். அவற்றில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றில் அமைய வேண்டும். அதன்பின் அந்தப் பத்தின் மதிப்பெண்கள் பூட்டப்படும். திரும்பப் படித்து உயர்த்த முடியாது.

இதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். 16 பாடங்களுக்கு 2.3 என்றால் மொத்தம் 36.8 புள்ளிகள். பத்துப் பாடங்களிலும் ‘சி’, அதாவது பாடத்துக்கு 2 புள்ளி, வாங்கியவருக்குப் பூட்டு விழும்போது கையில் இருப்பது 20. மீதி ஆறு பாடங்களில் 16.8 வேண்டும், சராசரி 2.8, ஏறத்தாழ எல்லாவற்றிலும் ‘பி’. மூன்று ஆண்டுகள் ‘சி’ வாங்கியவர், ஆட்டமும் பயணமும் மிகுந்த கடைசி ஆண்டில் அதை எட்ட வேண்டும்.

பாட வரிசை இன்னும் கடுமையானது. கணிதத்தில் அல்ஜீப்ரா ஒன்று முதல்தான் எண்ணப்படும். அதற்கு முந்தைய ஆயத்தப் பாடம் கணக்கில் வராது. ஒன்பதாம் வகுப்பில் அந்த ஆயத்தப் பாடத்தில் அமர்த்தப்பட்ட ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பதினொன்றாம் வகுப்பு முடிவில் அவளிடம் ஆங்கிலம் மூன்று, கணிதம் இரண்டு, அறிவியல் இரண்டு இருக்கும். சரியாக ஏழு. ஒன்றில் தவறினால் ஆறு; மீட்க ஒரு கோடை விடுமுறை மட்டுமே மிஞ்சும். வசதியான வட்டாரங்களில் பிள்ளைகள் அல்ஜீப்ராவை எட்டாம் வகுப்பிலேயே முடித்துவிடுகிறார்கள், அதுவும் எண்ணப்படுகிறது.

கல்வித் தகுதியைச் சுற்றிய சண்டை பழையது. 1983இல் நிறைவேறி 1986இல் நடைமுறைக்கு வந்த ‘முன்மொழிவு 48’, பதினொரு மையப் பாடங்களோடு எஸ்ஏடி தேர்வில் 700 மதிப்பெண்ணும் கேட்டது. அந்த வரம்பை எட்டாதவருக்கு உதவித்தொகையையும் மறுக்க வந்த ‘முன்மொழிவு 42’ஐ எதிர்த்து, 1989 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பயிற்றுநர் ஜான் தாம்சன் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அரங்கை விட்டு வெளியேறினார். தேர்வு வரம்பு கறுப்பின மாணவர்களைப் பாதிக்கிறது என்று தொடுக்கப்பட்ட கியூரட்டன் வழக்கில் 1999 மார்ச்சில் கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது; டிசம்பரில் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 2023 ஜனவரியில் என்சிஏஏவே தேர்வு மதிப்பெண் நிபந்தனையைக் கைவிட்டது. அந்த வாதம் ஓய்ந்தது. பூட்டு இருக்கிறது, அதைப் பற்றி அவ்வளவு வாதமும் இல்லை.

பூட்டுக்கு நியாயம் உண்டு. கடைசி ஆண்டில் அவசர வகுப்புகளில் பாடங்களை அள்ளிக் குவித்துவிட்டுக் கல்லூரி வகுப்பறையில் தத்தளிப்பவரை அது தடுக்கிறது. பாடங்களைப் பின்னர் முடித்தவரை அது முற்றாக ஒதுக்கிவிடுவதும் இல்லை. 16 பாடங்களும் 2.0 சராசரியும் இருந்தால் முதல் ஆண்டில் உதவித்தொகை பெறலாம், முதல் பருவத்தில் பயிற்சி செய்யலாம்; அந்த ஆண்டுப் போட்டிகளில்தான் ஆட முடியாது. நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. படிப்பின் தொடர்ச்சியை அளப்பதாகச் சொல்லும் இவ்விதி, நடைமுறையில் யாருக்கு விவரம் முன்கூட்டியே தெரியும் என்பதை அளந்துவிடுகிறது. பள்ளி ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பெரும்பாலான மாநிலங்களில் எண்ணிக்கை அதைத் தாண்டுகிறது. முந்நூறு, நானூறு பிள்ளைகளின் கால அட்டவணையைப் பார்க்கும் ஒருவர், பதினான்கு வயதுப் பெண் ஓடுவாள் என்பதையும் அவளுக்கு எந்தக் கணிதம் எண்ணப்படும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஆகவே பூட்டை எடுக்கச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் மட்டும் திரும்பப் படித்து மதிப்பெண்ணை மாற்ற ஒருமுறை இடம் கொடுக்க வேண்டும். ஏற்கப்பட்ட பாடங்களின் பட்டியல் ஒவ்வொரு பள்ளிக்கும் என்சிஏஏவின் இணையதளத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும் வசந்தத்தில் பெற்றோர் கையெழுத்திடும் பாடத் தேர்வுத் தாளில், ஒவ்வொரு பாடத்தின் எதிரிலும், அது எண்ணப்படுமா என்று ஒரு சொல்லில் அச்சிட்டால் போதும்.