ஓரிக்ஸ் மானும் பாலைவன வேட்டையும்

அரேபிய நாட்டின் தென்பகுதியில் ருபுல் காலி என்றொரு பெரும் மணற்பரப்பு உண்டு. வெறுமையான கால்பகுதி என்பது அப்பெயரின் பொருள். நாம் அன்றாடம் வழங்கும் ‘காலி’ என்ற சொல்லும் அதுவே. அவ்வெறுமையின் ஓரங்களில் ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற இரலைமான் வாழ்ந்து வந்தது. அரேபியர் அதனை ‘மஹா’ என்பர். ஈட்டிபோல் நீண்ட இரு கொம்புகள் உடையது. நெடுநாள் நீர் பருகாமல், தழையின் ஈரத்தையும் மூடுபனியின் துளியையும் கொண்டே உயிர்தரிக்க வல்லது. மன்னர்கள் முடிசூடிய ஆண்டுகளை விரித்துரைக்கும் சரித்திர நூல்கள் ஒரு விலங்கினம் மாண்ட ஆண்டைக் குறிப்பதில்லை. இம்மானுக்கு அத்தகைய ஆண்டு ஒன்று உண்டு. அது 1972.

பெதுயின் எனப்படும் நாடோடி மக்கள் இம்மானைத் தொன்றுதொட்டு வேட்டையாடியவர்களே. ஓரிக்ஸை வீழ்த்துவது ஆண்மைக்குச் சான்று என்று கருதப்பட்டது. ஆயினும் அவ்வேட்டைக்குப் பாலையே எல்லை வகுத்திருந்தது. ஒட்டகத்தின்மீது ஏறித் தண்ணீர்த் துருத்தியுடன் புறப்பட்டவன், மணலில் பதிந்த குளம்படியைப் பார்த்து, அது இன்று பதிந்ததா நேற்றுப் பதிந்ததா என்று அறிந்து தொடர வேண்டும். துருத்தி வற்றினால் மான் கண்ணெதிரே நின்றாலும் திரும்பத்தான் வேண்டும். கிடைத்த ஒன்றிரண்டின் இறைச்சியைக் கூடாரத்தார் பகிர்ந்துண்டனர். இவ்வாறு நூற்றாண்டுகள் கழிந்தும் மான் அழியவில்லை. இந்த ஒன்றை நேயர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறேன்.

பின்னர் மோட்டார் வண்டி வந்தது. தொடர்ந்து சுடும் துப்பாக்கியும் வந்தது. எண்ணெயால் வந்த செல்வம் இரண்டையும் பெருக்கியது. தாகமும் தூரமும் இட்ட வேலி அன்றே அறுந்தது. பசிக்கு ஆடிய வேட்டை பொழுதுபோக்காயிற்று. வடக்கே நபூத் பாலையிலிருந்த மான்கள் 1950-ஐ ஒட்டி அற்றுப்போயின.

தெற்கிலும் அழிவு நெருங்குவது கண்ட இங்கிலாந்தின் விலங்கினப் பாதுகாப்புச் சங்கம், கென்யாவின் தலைமை வனவிலங்குக் காவலரான மேஜர் இயன் கிரிம்வுட் தலைமையில் 1962-இல் ஒரு குழுவை ஏடன் நாட்டின் கிழக்குப் பகுதிக்கு அனுப்பியது. பெருமுயற்சிக்குப் பின் அகப்பட்டவை நான்கே. அவற்றுள்ளும் ஒன்று இறந்தது. எஞ்சிய மூன்றுடன் லண்டன் விலங்கியல் தோட்டம் ஒன்றும், குவைத்து அரசர் ஒன்றும், சவுதி மன்னர் நான்கும் அளிக்க, ஒன்பது மான்களைக் கொண்ட ‘உலக மந்தை’ உருவாயிற்று. அதனை வளர்க்கத் தேர்ந்த இடம் அமெரிக்காவின் பாலைநகரமான பீனிக்ஸ். இத்திட்டத்துக்குப் பொருளுதவியவருள் ‘சிகார் சபாரி சங்கம்’ என்னும் வேட்டைக்காரர் சங்கமும் ஒன்று. இது முரணெனச் சிலர் நகைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மான் அற்றால் வேட்டையும் அற்றுப்போகும் என்பதை வேட்டைக்காரனைவிட விரைவில் உணரக்கூடியவர் யார்?

இதற்கிடையே 1972-இல் ஓமான் நாட்டின் ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியில் எஞ்சியிருந்த கடைசிக் கூட்டமும் வேட்டைக்கு இரையாயிற்று. காட்டில் ஓரிக்ஸ் இல்லை என்றாயிற்று.

ஓமான் அரசர் சுல்தான் காபூஸ் அதனை மீட்க முனைந்தார். 1980-இல் முதல் மான்கள் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்திறங்கின. வந்தவுடன் அவிழ்த்துவிடவில்லை. வெவ்வேறிடத்தில் வளர்ந்தவை ஒரு கூட்டமாகப் பழகும்வரை அடைப்பில் வைத்து, 1982 ஜனவரி 31 அன்று பத்து மான்களை யலூனி என்னுமிடத்தில் திறந்துவிட்டனர். காவலுக்கு அமர்த்தியது அச்சமவெளிக்கே உரிய ஹராசிஸ் குலத்தாரை. குளம்படி பார்த்து மானைத் தேடும் பழைய வித்தை இப்போது மானின் காவலுக்குப் பயன்பட்டது. இவ்வரலாறு முழுவதிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்த செயல் இதுவே. 1994-இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1996-இல் மான்கள் சுமார் 450 ஆயின.

அவ்வாண்டிலேயே திருட்டும் தொடங்கிற்று. இம்முறை திருடர் நாடியது இறைச்சியை அன்று. செல்வர்களின் தனித் தோட்டங்களுக்கு விற்க உயிருள்ள பெண்மான்களையும் கன்றுகளையும் பிடித்துச் சென்றனர். மந்தையின் வேரையே பறித்தது போலாயிற்று. 2007-இல் எஞ்சியவை 65. ஈனத்தக்க இணைகளோ நான்கே. எண்ணெய் தேடும் பொருட்டு அரசாங்கம் சரணாலயத்தின் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் குறைத்துக்கொள்ள, யுனெஸ்கோ அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வாறு நீக்கப்பட்ட முதலிடம் அதுவே.

சவுதி அரேபியா முதலிய நாடுகளிலும் இம்மான் விடப்பட்டிருந்தமையால் இனம் மீண்டும் மாளவில்லை. 2011-இல் காட்டில் வாழ்வன ஏறத்தாழ ஆயிரம் எனக் கணக்கிட்டனர்.